ஃப்ரண்ட் லோட் மெஷினில் துணி நன்றாக வெளுக்க: போர் தண்ணீர் வீடுகளுக்கான முழு வழிகாட்டி

ஃப்ரண்ட் லோட் வாங்கிச் சில மாதம் ஆன வீடுகளில் கேட்கும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வெள்ளை வேட்டி பழுப்பேறுகிறது, துண்டு விறைத்துப்போகிறது, கறுப்பு பேன்ட்டில் திட்டுத்திட்டாக வெள்ளைப் பொடி, கதவைத் திறந்தால் ஒரு வாடை. இவ்வளவு விலை கொடுத்தும் கையால் துவைத்த அளவுக்கு இல்லையே என்று ஆதங்கப்படுவார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். பக்கெட்டிலும் டாப் லோடிலும் துவைத்த பழக்கம் அப்படியே இதற்குள்ளும் வந்திருக்கும்: நிறைய துணி, நிறைய தூள், சீக்கிரம் முடிகிற புரோகிராம்.

இதில் வேலை நடக்கும் விதமே வேறு. டிரம்மின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். டிரம் சுழலும்போது உள்ளே இருக்கும் துடுப்புகள் துணியை மேலே தூக்கிக் கீழே போடும். கல்லில் அடித்துத் துவைக்கிற வேலைதான் அது, மெதுவாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் துணி விழ இடம் வேண்டும், விழுகிற இடத்தில் நுரை குவிந்திருக்கக் கூடாது, அழுக்கு இளக நேரமும் கொஞ்சம் சூடும் வேண்டும். கீழே சொல்லும் பெரும்பாலான படிகளுக்குக் காரணம் இதுதான்.

நான் மனதில் வைத்து எழுதுவது 7 கிலோ மெஷின், 4 பேர் உள்ள வீடு, சென்னையில் வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் பக்கம் போல போர் தண்ணீரை நம்பியிருக்கும் அப்பார்ட்மென்ட். மென்நீர் வரும் வீட்டுக்கு அளவு எங்கே மாறும் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தண்ணீரையும் மெஷினைப் பொருத்திய விதத்தையும் பார்க்காமல் டிடர்ஜென்ட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் காசு போவதுதான் மிச்சம்.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள்

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் டிடர்ஜென்ட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி இருப்பதுதான் அழுக்கை எடுக்கும். எனவே எவ்வளவு டிடர்ஜென்ட் போடுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். மூடி உள்ள தெளிவான பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளிக்கிற சோப்பை மெல்லியதாகச் சீவி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். அடர்த்தியான நுரை நின்று, கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்நீர். நுரை உடனே அடங்கி, தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கி மேலே ஆடை படிந்தால் கடின நீர். எண் தெரிய வேண்டுமானால் கடினத்தன்மை பார்க்கும் பட்டைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. துணிக்கு 200-ஐத் தாண்டினாலே வித்தியாசம் தெரியும்.

இங்கே பலர் செய்யும் தவறு, ஆர்ஓ கடைக்காரர் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவு செய்வது. அது கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும், கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது. அப்பார்ட்மென்ட்டில் கடின நீரை மென்நீராக்கும் சாஃப்ட்னர் பிளான்ட் இருந்தால் அதில் வரும் தண்ணீரின் டிடிஎஸ் குறையாமலே இருக்கும், ஆனால் கடினம் போயிருக்கும். பாட்டில் சோதனைதான் உண்மையைச் சொல்லும். சாஃப்ட்னருக்கு உப்பு போட மறந்த வாரத்தில் தண்ணீர் பழையபடி ஆகிவிடும் என்பதால் துணி திடீரென்று விறைத்தால் முதலில் வாட்ச்மேனிடம் அதைக் கேளுங்கள்.

2. பொருத்தியது சரியா என்று ஒரு முறை பாருங்கள்

புது மெஷினின் பின்பக்கம் 3 அல்லது 4 நீளமான போல்ட்கள் இருக்கும். வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ள வைத்தவை. பொருத்த வருபவர் கழற்றியிருக்க வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் ஸ்பின்னில் மெஷின் நடக்க ஆரம்பித்துவிடும், உள்ளே சேதமும் ஆகும். கழற்றிய போல்ட்களைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறும்போது திரும்ப மாட்ட வேண்டும்.

அடுத்தது மட்டம். மேலே எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலைத் திருகிச் சரிசெய்து, மேலே இருக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு மேல் ஃப்ரண்ட் லோடை நிறுத்தாதீர்கள். கூட்டிப் பெருக்க வசதிதான், ஆனால் வேகமான ஸ்பின்னில் அந்த ஸ்டாண்டு ஆடும், ஆட்டம் அதிகமானால் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், துணி ஈரமாகவே வெளியே வரும்.

பிளக்கைப் பொறுத்தவரை, ஹீட்டர் மட்டுமே சுமார் 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குப் பக்கம். அதனால் எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு வயர் சூடேறுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கழிவுநீர்க் குழாயின் வாய் தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். துல்லியமான அளவு உங்கள் மேனுவலில் இருக்கும். நம் ஊரில் குழாயை அப்படியே தரையில் பாத்ரூம் ஓட்டைக்கு விட்டுவிடுவார்கள். அப்போது சில மெஷின்களில் உள்ளே வரும் தண்ணீர் தானாகவே இறங்கி வெளியே போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறது, துவைக்கவே தொடங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கடைசியாக அழுத்தம். மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் உங்கள் குழாய்க்கும் 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் வரும். மேல்தளத்து வீட்டில் 3 மீட்டர்தான் என்றால் 0.3 பார். பல மெஷின்களுக்குத் தேவையான குறைந்தபட்சமே அந்த அளவில்தான் இருக்கும். 10 லிட்டர் பக்கெட்டை அதே குழாயில் பிடித்துப் பாருங்கள். 2 நிமிடத்துக்கு மேல் ஆனால் தண்ணீர் போதாது. அழுத்தம் குறைந்தால் டிடர்ஜென்ட் தட்டு முழுசாக அலசப்படாமல் தூள் அங்கேயே கட்டிபிடிக்கும். வால்வை முழுசாகத் திறப்பது, தண்ணீர் வரும் குழாயின் வலையைக் கழுவுவது இரண்டும் பலிக்கவில்லை என்றால் சின்ன பூஸ்டர் பம்ப் வைப்பதுதான் வழி.

3. துணியைப் பிரிப்பது

வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம் என்று நிறத்தை வைத்துப் பிரிப்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு கனத்தையும் பாருங்கள். ஜீன்ஸோடும் டர்க்கி டவலோடும் மெல்லிய காட்டன் புடவையைப் போட்டால் கனமான துணி புடவையைத் தேய்த்து நூல் எழுப்பிவிடும், ஸ்பின்னிலும் எடை ஒரு பக்கம் சாயும்.

புதுச் சுங்குடிப் புடவை, புது லுங்கி, அடர் சிவப்பு ரவிக்கை இவற்றை முதல் சில முறை தனியாகப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் தனியாகத்தான் துவைக்க வேண்டும். பட்டும் ஜரிகையும் மெஷின் பக்கமே போக வேண்டாம். புரோகிராமில் பட்டு என்று போட்டிருந்தாலும், டிடர்ஜென்ட்டில் உள்ள புரதத்தைச் சிதைக்கும் என்சைம் பட்டு நூலையும் விடாது.

4. பாக்கெட், ஊக்கு, நாடா

இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் பாதி ரிப்பேர் வருகிறது. கீழே உள்ள பம்ப் ஃபில்டரைத் திறந்தால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்: 1 ரூபாய் நாணயம், தலை ஹேர்பின், புடவை மடிப்பில் குத்திய ஊக்கு, ரவிக்கைக் கொக்கி, கசங்கி உருண்டையான பஸ் டிக்கெட். ஊக்கு டிரம்மின் துளையில் மாட்டி நின்றுகொண்டால், அதன் மேல் உரசும் எல்லாத் துணியிலும் சின்னச் சின்ன ஓட்டை விழும். எலி கடித்ததா என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனவே பாக்கெட்டைக் காலிசெய்து, ஊக்கைக் கழற்றி, ஜிப்பை மூடி, ஜீன்ஸைத் திருப்பிப் போடுங்கள். உள்பாவாடை நாடாவையும் சுடிதார் பேன்ட் நாடாவையும் தளர்வாக முடிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மொத்தத் துணியையும் சுற்றிக் கயிறாக்கிவிடும். புடவை ஐந்தரை மீட்டர். அதைப் பிரித்துத் திணிக்காமல் தளர்வாக மடித்து வலைப் பையில் போடுங்கள். வேட்டிக்கும் துப்பட்டாவுக்கும் இதேதான். உள்ளாடைக் கொக்கிகளும் வலைப் பைக்குள் போனால் டிரம்முக்கும் நல்லது.

5. கறையை மெஷினுக்கு விடாதீர்கள்

பக்கெட்டில் சர்ஃப் கரைத்து ஊறவைத்து, அந்த நுரையோடு அள்ளி மெஷினில் போடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. ஊறவைப்பது தப்பில்லை. அந்த நுரையை அலசிப் பிழியாமல் உள்ளே போடுவதுதான் தப்பு. காலரில் சோப்புக்கட்டி தேய்த்து அப்படியே போடுவதும் அதே கதை.

காலருக்கு நான் செய்வது, அன்றைய அளவுக்கு எடுத்து வைத்த லிக்விடிலிருந்தே சில துளி எடுத்துத் தேய்த்து 10 நிமிடம் விடுவது. மொத்த அளவு கூடாது, நுரையும் கூடாது.

மற்ற கறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி:

மஞ்சள், சாம்பார்: வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு பட்டதும் சிவப்பாகும், பலர் பயந்துவிடுவார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும், அலசியதும் மஞ்சளாகிவிடும். வழக்கம்போலத் துவைத்து, கறை இருக்கும் பக்கம் மேலே தெரிய நேரடி வெயிலில் காயப் போடுங்கள். வெளிச்சம் குர்குமினைச் சிதைத்துவிடும். லேசாக மீதி இருந்தால் மறுபடி நனைத்து மறுபடி வெயில். இதற்காக பிளீச்சில் முக்கி எடுக்க வேண்டியதில்லை.

எண்ணெய்: தலையணை உறையின் தேங்காய் எண்ணெய்க்கும் சட்டையில் தெறித்த தாளிப்புக்கும் பாத்திரம் கழுவும் லிக்விட் 2 துளி தேய்த்து, ஊறியபின் கட்டாயம் அலசிவிட்டுப் போடுங்கள். அது அதிகமாக நுரைக்கும்.

ரத்தம், பால், முட்டை: பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள். நேராகச் சூட்டில் போட்டால் புரதம் நூலோடு இறுகிவிடும்.

டீ, காபி: ஆக்சிஜன் பிளீச் (குளோரின் இல்லாத பிளீச்) பவுடரை வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

துருக்கறையும் போர் தண்ணீர் இரும்பால் வரும் பழுப்பும் தனி வகை. குளோரின் பிளீச் ஊற்றினால் இரும்பு இன்னும் அழுத்தமாகத் துருவாகித் துணியில் பதிந்துவிடும். வேட்டி வெளுக்க வேண்டும் என்று பிளீச் ஊற்றி அது இன்னும் மஞ்சளாவது இப்படித்தான். எலுமிச்சைச் சாறு அல்லது கரைத்த சிட்ரிக் ஆசிட்டைத் தடவிச் சிறிது நேரம் விட்டு அலசுங்கள். சிட்ரிக் ஆசிட்டையும் குளோரின் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, விஷவாயு வரும்.

6. டிரம்மில் எவ்வளவு துணி

7 கிலோ என்று போட்டிருப்பது காட்டன் புரோகிராமுக்கு, அதுவும் காய்ந்த துணியின் எடை. சிந்தெடிக் புரோகிராமில் ஏறக்குறைய பாதி, மென்துணிப் புரோகிராமில் அதைவிடக் குறைவு. மேனுவலில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அளவு இருக்கும், அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

தினமும் எடை போட முடியாது. துணியை அமுக்காமல் போட்டபின், மேலே உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்கும் அளவுக்கு இடம் இருந்தால் சரி. அழுக்கு அதிகமான துணி என்றால் முக்கால் டிரம் போதும். திணித்துவிட்டால் துணி மேலே போய்க் கீழே விழாது, ஒரே மூட்டையாகச் சுற்றும். வெளிப்பக்கம் வெளுக்கும், நடுவில் இருக்கும் சட்டை நனைந்ததோடு சரி. கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு வருவதற்கும் இதுதான் பெரிய காரணம்.

ரொம்பக் குறைவாகப் போட்டாலும் பிரச்சினை. ஒற்றை மிதியடியோ ஒரே ஒரு ஜமக்காளமோ போட்டால் எடை ஒரு பக்கம் ஒதுங்கி ஸ்பின் எடுக்காது. மெஷின் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். கூடவே 2 டவல் போட்டால் சமமாகிவிடும்.

7. டிடர்ஜென்ட்: எது, எவ்வளவு, எங்கே

முதல் விதி, ஃப்ரண்ட் லோட் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். கையால் துவைக்கும் தூளில் நுரை வேண்டுமென்றே அதிகம் வைத்திருப்பார்கள், நுரையைப் பார்த்தால்தான் துவைத்த திருப்தி வருகிறது என்பதால். இங்கே அந்த நுரை துணி விழும் அடியைத் தாங்கிக்கொள்ளும், அழுக்கு போகாது. நுரை அதிகம் என்று தெரிந்தால் மெஷின் ஸ்பின்னை நிறுத்தி மறுபடி தண்ணீர் எடுக்கும். 1 மணி நேரம் என்று காட்டியது 2 மணி நேரம் ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

தூளா லிக்விடா என்றால் என் பதில் இரண்டும். பல தூள்களில் ஆக்சிஜன் பிளீச் இருக்கும், லிக்விடில் சாதாரணமாக இருக்காது. எனவே வெள்ளைக்கும் துண்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் தூள், 40 டிகிரியோ அதற்கு மேலோ. கறுப்பு, நிறத் துணி, எண்ணெய் அழுக்கு, குறைந்த சூடு, குறைந்த அழுத்தம் இதற்கெல்லாம் லிக்விட்.

அளவுக்கு பாக்கெட்டில் உள்ளதை முதலில் பாருங்கள், பிராண்டுக்கு பிராண்டு அடர்த்தி மாறும். 5 கிலோ சாதாரண அழுக்குக்கு நான் போடுவது, மென்நீர் என்றால் 25 முதல் 30 மி.லி. லிக்விட், போர் தண்ணீர் என்றால் 45 முதல் 60 மி.லி. இது கண்ணால் ஊற்றும் விஷயமில்லை, மூடியில் அளந்தே ஊற்றுங்கள். சாஃப்ட்னர் பிளான்ட் வந்த பிறகும் பழைய அளவையே போட்டுக்கொண்டிருப்பவர்கள் உடனே பாதியாகக் குறையுங்கள்.

அதிகம் போட்டுக்கொண்டிருந்தீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு, எல்லோரையும் செய்யச் சொல்வேன். துவைத்துக் காய்ந்த 4, 5 துண்டுகளை எடுத்து, டிடர்ஜென்ட் எதுவும் இல்லாமல் 40 டிகிரியில் போடுங்கள். 10, 15 நிமிடம் கழித்து கதவுக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் வழிந்தால் உங்கள் அளவு சரி. கண்ணாடியின் கீழ்விளிம்பில் வெள்ளையாக நுரை ஏறி நின்றால் அது பழைய துவைப்புகளில் போகாமல் நூலுக்குள் தங்கியது. துண்டு விறைப்பதற்கும் சில பேருக்குத் தோல் அரிப்பதற்கும் அதுவும் ஒரு காரணம். நுரை வராத வரை இப்படியே வெறும் தண்ணீரில் ஓட்டி எடுத்துவிட்டு, புது அளவில் தொடங்குங்கள்.

தட்டில் வழக்கமாக 3 அறை இருக்கும். 1 என்று உள்ளது முன்துவைப்பு, 2 முக்கியத் துவைப்பு, பூ மாதிரி படம் போட்டது கண்டிஷனர். புதியவர்கள் 1-இல் ஊற்றிவிடுவார்கள். முன்துவைப்பு போடாவிட்டால் அது துணிக்குப் போவதே இல்லை, போட்டால் முதல் தண்ணீரோடு வெளியே போய்விடும். எப்போதும் 2 தான். கண்டிஷனரை மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஊற்றினால் அலசும் கட்டத்துக்கு முன்பே இறங்கிவிடும்.

துண்டுக்குக் கண்டிஷனரே வேண்டாம், நூலில் படலம் படிந்து தண்ணீரை உறிஞ்சாமல் போகும். போர் தண்ணீரில் துண்டு விறைத்தால், 1 டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட்டை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து அந்தப் பூ அறையில் எப்போதாவது ஊற்றுங்கள், நன்றாக மென்மையாகும். அன்று குளோரின் பிளீச் எதுவும் சேர்க்காதீர்கள்.

நீலமும் கஞ்சியும் மெஷினுக்குள் வேண்டாம். நீலம் திட்டாகப் பிடிக்கும். கஞ்சி டிரம்முக்கு வெளியே ஒட்டிப் புளித்துப் பூஞ்சைக்குச் சாப்பாடாகும். இரண்டையும் கடைசியில் பக்கெட்டில் செய்துகொள்ளுங்கள்.

8. புரோகிராமும் சூடும்

எல்லாவற்றுக்கும் 15 நிமிட குவிக் வாஷ் போடுபவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: அது ஒரு முறை கட்டிய, அழுக்கில்லாத, 1 அல்லது 2 கிலோ துணிக்கு. என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த 15 நிமிடத்திலேயே அலசலும் ஸ்பின்னும் அடங்கியிருக்கும் என்றால் துவைப்புக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்.

அன்றாடத் துணிக்கு காட்டன் 40. துண்டு, படுக்கை விரிப்பு, கைக்குட்டை, காய்ச்சல்காரர் துணிக்கு 60. நிறம் போகும் துணிக்கு 30 அல்லது பச்சைத் தண்ணீர். சமையலறைப் பிடிதுணியை மட்டும் தனியாக 60-இல் போடுங்கள், அதன் எண்ணெயும் மசாலாவும் மற்ற துணிக்கு வர வேண்டாம்.

கரன்ட் பில் பயத்தில் சூடே வைக்காத வீடுகள் நிறைய. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முக்கியத் துவைப்புக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 28 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற சுமார் 0.2 யூனிட், 60-க்கு ஏற்ற சுமார் 0.55 யூனிட். துணியும் டிரம்மும் சூடாக இன்னும் கொஞ்சம் சேரும். சென்னையில் ஏப்ரல், மே மதியத்தில் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாத சூட்டில் வரும், அப்போது 40-க்கு ஹீட்டர் எரிய வேண்டியிருக்காது. அதே 40 ஊட்டியிலோ கொடைக்கானலிலோ செலவு அதிகம். இங்கே அந்தப் பயம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கோடை மதியத்தில் கோல்ட் என்று போட்டாலும் தொட்டியில் இருக்கும் வெந்நீர்தான் உள்ளே வரும், மெஷினால் அதைக் குளிர வைக்க முடியாது. சாயம் போகும் துணியையும் ரத்தக்கறைத் துணியையும் காலை 6, 7 மணிக்கே போட்டுவிடுங்கள்.

9. அலசல், ஸ்பின்

குழந்தைத் துணி, தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் துணி, துண்டு இவற்றுக்குக் கூடுதல் அலசல் பட்டனைப் போடுங்கள். தண்ணீர் கொஞ்சம் கூடும், ஆனால் துவைத்த துணியை மறுபடி பக்கெட்டில் அலசும் பழக்கத்தைவிடக் குறைவுதான்.

ஸ்பின் வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) துணியைப் பொறுத்தது. துண்டு, ஜீன்ஸ், விரிப்புக்கு 1000 முதல் 1200. காட்டன் சட்டை, வேட்டிக்கு 800. பாலியெஸ்டர், மெல்லிய புடவைக்கு 400 முதல் 600, அதற்கு மேல் போனால் இஸ்திரிப் பெட்டிக்கும் அடங்காத சுருக்கம் விழும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கனமான துணிக்கு முடிந்தபின் தனியாக இன்னொரு ஸ்பின் கொடுங்கள். துணி பால்கனியில் 2 நாள் தொங்கினால் வரும் ஈரவாடைக்கு டிடர்ஜென்ட் காரணமில்லை, காயாத ஈரம்தான்.

10. முடிந்தவுடன்

துணியை அரை மணி நேரத்துக்குள் வெளியே எடுங்கள். கதவு ரப்பரின் மடிப்பை விரித்து, அடியில் தேங்கிய தண்ணீரையும் முடியையும் பழந்துணியால் துடைத்தெடுங்கள். அந்த மடிப்பின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் பஞ்சால் அடைபட்டால் தண்ணீர் தேங்கிக் கரும்புள்ளி வரும். கரும்புள்ளி ஆழமாகப் பிடித்த பிறகு எடுப்பது கடினம், ரப்பரையே மாற்ற வேண்டியிருக்கும். டிடர்ஜென்ட் தட்டையும் கதவையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், அவர்கள் அந்த இடத்துக்குப் போக முடியாதபடி யுட்டிலிட்டிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் இதைத் திறந்து வைக்க வேண்டும்.

11. மாதம் ஒரு முறை

பம்ப் ஃபில்டர்: முன்பக்கம் கீழே சின்ன மூடிக்குள் இருக்கும். மெஷினை அணைத்து, தண்ணீர் ஆறியபின், அகலமான தட்டம் வைத்து, பக்கத்தில் சின்ன ரப்பர்க் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியாகத் தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் திருகைத் திறவுங்கள். நேராகத் திருகைத் திறந்தால் தரை முழுக்க தண்ணீர். குப்பையை எடுத்தபின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பம்ப் விசிறியில் முடியோ நூலோ சுற்றியிருக்கும்.

வரும் குழாய் வலை: பின்பக்கம் தண்ணீர்க் குழாயைக் கழற்றினால் வால்வின் வாயில் சின்ன வலை இருக்கும். போர் மணல் அங்கேதான் அடையும். அப்பார்ட்மென்ட் தொட்டி கழுவிய வாரம் இதைக் கட்டாயம் பாருங்கள். வெளியில் ஒரு மணல் ஃபில்டரை மாட்டிவிட்டால் வேலை எளிது.

டப் கிளீன்: டிரம் காலியாக இருக்க, ஆக்சிஜன் பிளீச் உள்ள தூள் கொஞ்சம் போட்டு, டப் கிளீன் அல்லது உள்ளதில் அதிகச் சூடான காட்டன் புரோகிராமை ஓட்டுங்கள். எப்போதும் குறைந்த சூட்டில் லிக்விட் மட்டுமே போடும் வீடுகளில் டிரம்முக்கு வெளியே பசை மாதிரி படிந்துவிடும். வாடை அங்கிருந்துதான் வருகிறது, வாசனைக் கண்டிஷனர் ஊற்றி அதை மறைக்க முடியாது.

உப்புப் படிவு: போர் தண்ணீர் வீட்டில் 2, 3 மாதத்துக்கு ஒரு முறை, காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். டப் கிளீன் செய்யும் அதே நாளில் வேண்டாம். ஹீட்டரில் உப்பு கட்டினால் சூடேற நேரமாகும், கடைசியில் ஹீட்டரே போய்விடும். உங்கள் கம்பெனி தன் படிவுநீக்கியைத்தான் பயன்படுத்தச் சொல்லியிருந்தால், வாரன்டி முடியும் வரை அதையே போடுங்கள். வினிகரைத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், ரப்பர் கெடும்.

12. மெஷின் நின்றுவிட்டால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

எல்ஜி மெஷினில் ஐஇ, சாம்சங்கில் 4சி அல்லது 4இ என்று வந்தால் தண்ணீர் வரவில்லை என்று பொருள். குழாய் திறந்திருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பின்பக்க வலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5சி அல்லது 5இ என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, பம்ப் ஃபில்டரையும் கழிவுக் குழாய் மடங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எல்ஜியில் யுஇ என்றால் எடை ஒரு பக்கம், துணியை உதறிப் பிரித்துப் போட்டால் போதும். மற்ற பிராண்டுகளுக்கு மேனுவலின் கடைசிப் பக்கங்களில் பட்டியல் இருக்கும்.

தண்ணீர் உள்ளே நிற்கும்போது கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. ஸ்பின் அல்லது டிரெயின் மட்டும் போட்டுப் பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, உள்ளே வெந்நீர் இருந்தால் ஆற விட்டு, கீழே உள்ள சின்னக் குழாய் வழியாகத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அதன் பிறகும் பூட்டு விடவில்லை என்றால் கதவை இழுக்காதீர்கள், கைப்பிடி உடைந்தால் அது தனிச் செலவு. அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், திரையில் வந்த குறியீட்டை போட்டோ எடுத்து முன்னாலேயே அனுப்பிவிட்டால் தேவையான பாகத்தோடு வருவார்.